மரச்செதுக்குக்காரர்கள் கூடினால்

மரப்பலகையில் படம் செதுக்கி அச்செடுப்பவர்கள் எல்லாருக்கும் ஒரு சிக்கல் உண்டு. படம் ஒன்றுதான், தாள்கள் முப்பது நாற்பது. ஓவியம் வரைகிறவர் அதை முடித்ததும் சுவரில் மாட்டிவிடலாம், இல்லை விற்றுவிடலாம். எங்களுக்கு அது கட்டாது. பலகையைச் செதுக்கவே வாரக்கணக்கில் ஆகும். அவ்வளவு பாடுபட்டுவிட்டு ஒரு தாளோடு நிறுத்த யாருக்கு மனம் வரும்? எடுத்துக்கொண்டே போவோம். அப்புறம் அந்தத் தாள்களெல்லாம் பீரோவுக்கு மேல் ஏறிவிடும்.

இதற்கு இந்தக் கலைக்காரர்கள் உலகம் முழுக்கப் பின்பற்றும் வழி பரிமாற்றம். உதாரணத்துக்கு 20 பேர் சேர்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். தாளின் அளவை முதலிலேயே பேசி முடிப்பார்கள். ஒவ்வொருவரும் தன் படத்தை 21 பிரதி எடுத்து ஒருவருக்கு அனுப்ப வேண்டும். அவர் எல்லாவற்றையும் பிரித்து அடுக்கி, ஒவ்வொருவருக்கும் 20 படங்களை ஒரே கட்டாகத் திருப்பி அனுப்புவார். மிச்சமிருக்கும் ஒரு கட்டு பொதுவில் காட்சிக்கு. காசு கைமாறுவதில்லை. நேற்றுப் பழகத் தொடங்கியவரின் தாளும் நாற்பது வருடம் செதுக்கியவரின் தாளும் ஒரே கட்டில் அடுத்தடுத்து இருக்கும். இதைவிட நல்ல பள்ளிக்கூடம் எனக்குத் தெரியாது.

இந்தக் கலையின் வரலாற்றைப் பேசும்போது நாம் ஹொகுசாய், ஹிரோஷிகே என்று பெரிய ஜப்பானிய ஓவியர்களின் பெயர்களைச் சொல்கிறோம். அவர்கள் பெரியவர்கள்தான், சந்தேகமில்லை. ஆனால் படிக்கப் படிக்க எனக்கு உறுதியாகிக்கொண்டே வருவது வேறு ஒன்று. மரச்செதுக்கு ஒரு படி மேலே ஏறிய பல தருணங்களில் அங்கே ஒரு சிறு கூட்டம் உட்கார்ந்திருக்கிறது. தாள்களைக் கைமாற்றிக்கொண்டு, 'இதை எப்படி எடுத்தீர்கள்?' என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டு.

1765-ஆம் ஆண்டை எடுத்துக்கொள்வோம். இடம் எடோ, அதாவது இன்றைய டோக்கியோ. அன்றைய ஜப்பானிய நாள்காட்டி சந்திரனை ஒட்டியது. சில மாதங்களுக்கு 30 நாள்; அவை பெரிய மாதங்கள். சிலவற்றுக்கு 29 நாள், அவை சிறியவை. எது பெரியது, எது சிறியது என்பது ஆண்டுக்கு ஆண்டு மாறும். கடைக் கணக்கை மாதக் கடைசியில் தீர்க்கும் ஊரில் இது தெரியாமல் குடும்பம் நடத்த முடியாது. ஆனால் நாள்காட்டி அச்சிட்டு விற்கும் உரிமை சில பதிப்பாளர்களுக்கு மட்டுமே இருந்தது.

அங்கே கவிதை எழுதிப் பொழுதுபோக்கும் வசதியான சாமுராய்களும் வணிகர்களும் சிறு சிறு குழுக்களாக இருந்தார்கள். அவர்கள் ஒரு விளையாட்டைத் தொடங்கினார்கள். அழகான ஒரு படம். அதற்குள் எங்கோ அந்த ஆண்டின் பெரிய மாதங்களின் எண்கள் ஒளிந்திருக்கும். எகோயோமி என்று பெயர். புத்தாண்டில் கூடி, ஒருவர் கொண்டுவந்ததை மற்றவருக்குக் கொடுத்து, எண்கள் எங்கே என்று தேடி, யாருடையது கெட்டிக்காரத்தனமாக இருக்கிறது என்று பார்த்து மகிழ்வார்கள். 1765-இல் இந்த மோகம் உச்சத்துக்குப் போனது. கியோசென் என்ற புனைபெயரில் எழுதிய ஓகுபோ ஜின்ஷிரோ என்ற சாமுராய் அதிகாரி ஒரு குழுவுக்குத் தலைவர். ஷாகெய் என்பவர் இன்னொன்றுக்கு. இவர்களுக்காக நிறைய வரைந்து கொடுத்தவர் சுஸுகி ஹருனோபு.

ஹருனோபு அந்த ஆண்டு செய்த படம் ஒன்றைப் பார்த்திருப்பீர்கள், பல அருங்காட்சியகங்களில் பிரதி இருக்கிறது. திடீரென்று காற்றும் மழையும். ஓர் இளம்பெண் காயப்போட்ட துணியை எடுக்க ஓடிவருகிறாள். ஓடிய வேகத்தில் ஒரு காலின் மரச்செருப்பு கழன்று கிடக்கிறது. மூங்கில் கழியில் கிமோனோ படபடவென்று அடித்துக்கொள்கிறது. அவ்வளவுதான் படம் என்று நினைத்து நகர்ந்துவிடுவோம். அந்தக் கிமோனோவின் பூவேலையைக் கொஞ்சம் நிதானமாகப் பார்த்தால் அது பூவேலையே இல்லை. 'பெரிய' என்ற எழுத்து, அப்புறம் 2, 3, 5, 6, 8, 10, அப்புறம் 'மெய்வா 2' என்று ஆண்டின் பெயர். ஆண்டு முழுவதற்குமான கணக்கு, மழையில் நனையப்போகும் ஒரு துணியில். இந்த இடத்தை முதன்முதலில் கண்டுகொண்டபோது எனக்கு உண்டான சந்தோஷத்தை இன்றுவரை யாரிடமாவது சொல்லிக்கொண்டேதான் இருக்கிறேன்.

விளையாட்டு என்றேன். அந்த விளையாட்டில்தான் இந்தக் கலை தலைகீழாக மாறியது. அதற்கு முன் கடையில் விற்ற படங்களில் இரண்டு மூன்று நிறங்கள்தான், பெரும்பாலும் இளஞ்சிவப்பும் பச்சையும். விலைக்கு விற்கிறவர் பலகைக்கும் தாளுக்கும் கணக்குப் பார்ப்பார். அதைத் தப்பு சொல்ல முடியாது. இந்தக் குழுக்காரர்கள் விற்கவில்லை. நண்பரை அசத்த வேண்டும், அவ்வளவுதான். அதனால் தடிமனான நல்ல தாள் வாங்கிக் கொடுத்தார்கள், நிறத்துக்கு ஒரு பலகை என்று எத்தனை வேண்டுமானாலும் செதுக்கச் சொன்னார்கள். செதுக்குபவரும் அச்செடுப்பவரும் தங்களுக்குத் தெரிந்த வித்தையை எல்லாம் இறக்கினார்கள். சாம்பல், கத்தரிப்பூ நிறம், மங்கலான மஞ்சள் என்று ஒன்றின் மேல் ஒன்றாகப் பத்து பலகை போகும் முழுவண்ணப் படம் அப்படித்தான் வந்தது. விரைவிலேயே பதிப்பாளர்கள் அந்தப் பலகைகளிலிருந்து எண்களைச் செதுக்கி நீக்கிவிட்டு அதே படங்களைக் கடையில் விற்கத் தொடங்கினார்கள். பட்டு ஜரிகை போன்ற படம் என்று பொருள்படும் நிஷிகி-எ என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். ஹருனோபு 1770-இல் இறந்துவிட்டார். ஐந்தே வருடத்தில் அவர் மாற்றிவிட்டுப்போனதைத்தான் பின்னால் வந்த உதமாரோவும் ஹொகுசாயும் கையில் எடுத்துக்கொண்டார்கள்.

அந்த ஆண்டுப் படங்கள் சிலவற்றில் இன்னொன்றும் இருக்கிறது. யோசனை இன்னார், வரைந்தது இன்னார், செதுக்கியது இன்னார், அச்செடுத்தது இன்னார் என்று எல்லாப் பெயரும் போட்டிருக்கிறார்கள். வணிகப் பதிப்புகள் பெருகிய பிறகு இது மிக அரிதாகிப்போனது. வரைந்தவர் பெயரும் பதிப்பாளர் முத்திரையும்தான் பொதுவாக நின்றன. இன்றைக்கும் காட்சியகச் சுவரில் ஓவியர் பெயர் மட்டும்தான். எனக்கு இதில் பெரிய வருத்தம் உண்டு. அந்தப் பெண்ணின் நெற்றியோரத்து முடியை ஒரு மில்லிமீட்டருக்குள் இரண்டு மூன்று இழையாக நிறுத்தியது தூரிகை பிடித்தவர் இல்லை. கத்தி பிடித்தவர்.

அச்செடுப்பவரின் வேலையையும் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்க்க வேண்டும். ஜப்பானிய முறையில் எண்ணெய் மை கிடையாது, இயந்திரமும் கிடையாது. நீரில் கரைத்த நிறமும் அரிசிப்பசையும்தான். இரண்டையும் பலகைமேல் சொட்டு சொட்டாக வைத்து, குதிரைமயிர்த் தூரிகையால் தேய்த்துப் பரப்பி, கடைசியில் ஒரே திசையில் லேசாக இழுத்துவிட வேண்டும். பலகையின் கீழ் ஓரத்தில் இரண்டு சிறு வெட்டுகள் இருக்கும். வலது மூலையில் 'ட' போல ஒன்று, இடப்பக்கம் தள்ளி நேர்கோடாக ஒன்று. கென்டோ என்பார்கள். ஈரப்பதமான தாளின் மூலையை முதல் வெட்டில் பொருத்தி, விளிம்பை இரண்டாவதில் உட்கார வைத்து, மெதுவாகக் கையை விட வேண்டும். பத்து பலகை என்றால் பத்து தடவை, ஒவ்வொரு தாளுக்கும். தாள் கொஞ்சம் காய்ந்துவிட்டால் சுருங்கிவிடும். அடுத்த நிறம் கோட்டுக்கு வெளியே நிற்கும். பிறகு தாளின் முதுகில் பாரென் என்ற வட்டத் தட்டை வைத்து உடல் எடையைக் கொடுத்துத் தேய்ப்பது. பசை குறைந்து அழுத்தமும் குறைந்தால் நிறம் எள் தூவியதுபோலப் புள்ளி புள்ளியாக விழும். அதையே வேண்டுமென்று செய்பவர்களும் உண்டு, அதற்கும் எள்ளின் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள்.

இதையெல்லாம் புத்தகத்தில் படிக்கலாம், படமும் பார்க்கலாம். ஆனால் பசை எவ்வளவு என்பது பக்கத்தில் உட்கார்ந்து ஒருவர் செய்வதைப் பார்த்தால்தான் கைக்கு வரும். தூரிகை பலகைமேல் போகும் சத்தத்தை வைத்தே ஈரம் கூடுதலா குறைவா என்று சொல்லிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். கூடுவதன் அவசியம் எனக்கு இங்கேதான் முழுதாகப் புரிகிறது.

இருபதாம் நூற்றாண்டில் ஜப்பானில் நிலைமை மாறியது. 1904-இல் யமமோதோ கனாய் என்ற ஓவியர் ஒரு மீனவரின் படத்தைத் தானே வரைந்து, தானே செதுக்கி, தானே அச்செடுத்தார். ஒரே ஆள் எல்லாவற்றையும் செய்வதுதான் கலை என்று ஓர் இயக்கமே அதன்பின் எழுந்தது. பதிப்பாளர் கிடையாது, செதுக்கு நிபுணர் கிடையாது, தனி ஆள். இனிக் கூட்டத்துக்கு வேலை இல்லை என்றுதானே தோன்றும்? நடந்தது நேர்மாறு. அந்த இயக்கத்தின் முக்கியமானவர்களில் ஒருவரான ஓன்ச்சி கோஷிரோ 1939-இல் ஒரு சந்திப்பைத் தொடங்கினார். மாதத்தின் முதல் வியாழக்கிழமை அவர் வீட்டில் கூட வேண்டும். யமகுச்சி கென், செகினோ ஜுனிச்சிரோ போன்ற இளையவர்கள் வந்தார்கள். தாங்கள் செய்ததைக் காட்டினார்கள், பேசினார்கள், கலைந்து போனார்கள். அவ்வளவுதான் நிகழ்ச்சி நிரல்.

போர் முற்றியது. பொருள்கள் கிடைக்கவில்லை, தணிக்கை கெடுபிடி வேறு. அந்த நெருக்கடியில், 1944-இல், இந்த வியாழக்கிழமைக்காரர்கள் தங்கள் அச்சுகளைச் சேர்த்து ஒரு தொகுப்பு போட்டார்கள். விற்பதற்காக இல்லை, தங்களுக்குள் வைத்துக்கொள்ள. 1950 வரை மொத்தம் ஆறு தொகுப்புகள் வந்தன. போர் முடிந்ததும் டோக்கியோவில் வேலை பார்த்த அமெரிக்கர்கள் சிலர், வில்லியம் ஹார்ட்நெட், எர்ன்ஸ்ட் ஹேக்கர், ஆலிவர் ஸ்டாட்லர் போன்றவர்கள், அந்த வீட்டுக்கு வரத் தொடங்கினார்கள். நவீன ஜப்பானிய மரச்செதுக்கை மேற்கு நாடுகள் கவனித்ததில் அந்தச் சந்திப்புக்குப் பெரிய பங்கு உண்டு. ஒன்றுமே கிடைக்காத காலத்தில் மாதம் தவறாமல் கூடியிருக்கிறார்கள். எங்கள் சென்னைக் குழுவில் யாராவது 'இந்த மாசம் வேலை அதிகம், அடுத்த மாசம் பார்ப்போமே' என்றால் நான் இந்தக் கதையைத்தான் சொல்வேன்.

இப்போதைய செய்திக்கு வருகிறேன். இந்த நீர்வண்ண மரச்செதுக்கை மொகுஹாங்கா என்று ஜப்பானியப் பெயராலேயே உலகம் முழுக்கச் சொல்கிறார்கள். இதற்கென்று ஒரு பன்னாட்டு மாநாடு மூன்று நான்கு வருடத்துக்கு ஒருமுறை நடக்கிறது. அதன் வேர் ஜப்பானின் அவாஜி தீவில் இருக்கிறது. கதோதா கெய்கோ என்ற அம்மையார் 1997 முதல் அங்கே ஒரு பயிற்சித் திட்டத்தை நடத்தினார். வெளிநாட்டுக் கலைஞர்கள் வந்து தங்கி, ஜப்பானியக் கைவினைஞர்களிடம் நேரடியாகக் கற்றார்கள். ஊர் திரும்பி அவர்கள் மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். இப்படிப் பரவிய ஆட்கள் ஒருநாள் ஓர் இடத்தில் சேராமல் இருப்பார்களா? முதல் மாநாடு 2011 ஜூனில் கியோத்தோவிலும் அவாஜியிலும் நடந்தது. வடகிழக்கு ஜப்பானை நிலநடுக்கமும் ஆழிப்பேரலையும் புரட்டிப்போட்டு மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. அதைக் கைவிடாமல் நடத்தினார்களே என்று இன்றும் நினைத்துப் பார்க்கிறேன். அடுத்தது 2014-இல் டோக்கியோ, 2017-இல் ஹவாயின் ஹொனலுலு.

நான்காவது மறுபடி ஜப்பானில், நாராவில். கொரோனாவால் தள்ளிப்போய் 2021-இல் நடந்தது. நாராவைத் தேர்ந்ததற்குக் காரணம் மை. விளக்கெரித்து, மண்மூடியில் படியும் கரியைத் துடைத்து எடுத்து, விலங்குப் பசையோடு பிசைந்து அச்சில் போட்டுக் காயவைக்கும் சுமி என்ற கட்டிமைக்கு அது பேர்போன ஊர். கோபாயென் என்ற நிறுவனம் அங்கே 1577-இலிருந்து மை செய்கிறது. பசை கெட்டுப்போகாமல் இருக்கக் குளிர்மாதங்களில் மட்டுமே செய்வார்கள்.

ஐந்தாவது 2024-இல், ஃபுகுய் மாநிலத்து எசிசென்னில். இந்த முறை காரணம் தாள். தாளைப் பற்றி நான் கொஞ்சம் நிறையவே பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். எசிசென் மலையடிவாரத்துக் கிராமங்களில் சுமார் 1,500 ஆண்டுகளாகத் தாள் செய்வதாக ஊர்க்கதை. வயல் குறைந்த ஊர் அது. ஓடையின் மேற்புறத்திலிருந்து வந்த ஒரு பெண் தெய்வம், நிலமில்லாவிட்டால் என்ன, நல்ல தண்ணீர் இருக்கிறதே என்று சொல்லித் தாள் செய்யக் கற்றுக்கொடுத்ததாம். கவகாமி கொஸென் என்ற அந்தத் தாள்தெய்வத்துக்கு அங்கே கோயில் இருக்கிறது, மே மாதத் தொடக்கத்தில் திருவிழா நடக்கிறது.

மரச்செதுக்குக்கு அங்கிருந்து வருவது ஹோஷோ என்ற தாள். கோஸோ என்ற ஒருவகை முசுக்கட்டைச் செடியின் உள்பட்டையை வேகவைத்து, ஓடும் தண்ணீரில் போட்டு, நாரில் ஒட்டியிருக்கும் பட்டைத் துணுக்கு, கணு, கறை ஒவ்வொன்றையும் விரலால் கிள்ளி எடுப்பார்கள். குளிர்காலத்து மலைத்தண்ணீரில் கை விறைத்துப்போகும் வேலை. பிறகு அடித்து நார் பிரித்து, தொட்டியில் கரைத்து, தொரோரோ-ஆஓய் என்ற செடியின் வேர்க்கொழகொழப்பைச் சேர்ப்பார்கள். அந்தச் செடி நம் வெண்டையின் நெருங்கிய சொந்தம். அந்த வழுவழுப்பால் நார்கள் ஒன்றோடொன்று திரண்டுபோகாமல் மெல்ல இறங்கும். மூங்கில் தட்டியால் அள்ளி ஆட்டி எடுத்த ஈரத்தாள்களை அழுத்திப் பிழிந்து, மரப்பலகையில் ஒட்டிக் காயவிடுவார்கள். இப்படி வந்த தாளைப் பத்து இருபது தடவை ஈரத்தோடு அழுத்தித் தேய்த்தாலும் கிழியாது, நிறம் மேலே நிற்காமல் நாருக்குள் இறங்கும். ஹருனோபுவின் நண்பர்கள் காசைப் பார்க்காமல் வாங்கியது இந்த வகைத் தாளைத்தான். அதைச் செய்வதில் பேர்பெற்றவர் இவானோ இசிபெய். பரம்பரையில் அந்தப் பெயரைத் தாங்கும் ஒன்பதாமவர். 2000-இல் ஜப்பான் அரசு அவரை 'வாழும் தேசியப் பொக்கிஷம்' என்று அங்கீகரித்தது. அவருடைய தந்தைக்கும் அந்தச் சிறப்பு கிடைத்திருந்தது.

இப்படி மைக்கு ஓர் ஊர், தாளுக்கு ஓர் ஊர் என்று தேடிப்போய்க் கூடுவதை நான் மிகவும் மதிக்கிறேன். ஏனென்றால் இந்தக் கலைக்கு இன்று ஆபத்து கலைஞர்கள் குறைவதால் இல்லை. கற்க விரும்புகிறவர்கள் எல்லா நாட்டிலும் பெருகிக்கொண்டுதான் இருக்கிறார்கள். கருவி செய்கிறவர்கள்தான் குறைகிறார்கள். பாரென் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளங்கை அகலத் தட்டுதான். உள்ளே மூங்கில் பாளையை நூல்போலக் கிழித்து, முறுக்கி, கயிறாகத் திரித்து, சுருளாகச் சுற்றித் தைத்திருக்கும். அந்தக் கயிற்றின் முடிச்சுமேடுகள்தான் தாளை அழுத்துகின்றன. அதைத் தாங்கும் தட்டு, மெல்லிய தாளை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி அரக்கு பூசியது. மேலே இன்னொரு மூங்கில் பாளையை இழுத்துக் கட்டியிருக்கும். அது தேய்ந்ததும் அச்செடுப்பவரே மாற்றிக் கட்டிக்கொள்ள வேண்டும். முறையான பாரென் ஒன்று முடிய மாதக்கணக்கில் ஆகும். செய்யத் தெரிந்தவர்கள் மிகச் சிலர். பதப்படுத்தப்பட்ட செர்ரிப்பலகை, சுறாத்தோலில் தேய்த்து நுனி பிளக்கும் தூரிகை, எல்லாவற்றுக்கும் இதே கதைதான். 'அவர் வேலையை நிறுத்திவிட்டாராம்', 'அவரிடம் ஒரு பெண் கற்றுக்கொள்கிறாராம்' என்பவைதான் இந்தக் கூட்டங்களில் காதோடு காதாகப் போகும் செய்திகள். ஒரு கைவினைஞருக்கு ஆண்டுக்கு நாலு பாரென் விற்றால் அவர் மகன் வேறு வேலைக்குப் போய்விடுவார். நூறு பேர் ஓரிடத்தில் கூடி அவர் கையைப் பார்த்து வாங்கினால் தொழில் நிற்க ஒரு வாய்ப்பாவது உண்டு.

தமிழ்நாட்டுக்கும் இந்தக் கலைக்கும் ஒரு மெல்லிய இழை உண்டு. ஜப்பானிய மரச்செதுக்குக் கலைஞர் யோஷிதா ஹிரோஷி தன் மகன் தோஷியோடு 1930-ஆம் ஆண்டு இறுதியில் இந்தியாவுக்குக் கிளம்பினார். தாஜ்மகால், எல்லோரா, உதய்பூர், காஞ்சன்ஜங்கா என்று சுற்றி வரைந்து, ஊர் திரும்பி மரத்தில் செதுக்கினார். 1931 தேதியிட்ட அந்த வரிசையில் மதுரைப் பெரிய கோயிலும் ஒன்று. மதுரைக்காரர்கள் அந்தப் படத்தைத் தேடிப் பார்க்காமல் இருக்கக் கூடாது.

சென்னையில் நாங்கள் ஒரு கையளவு ஆட்கள் இதே நீர்வண்ண முறையில் வேலை செய்கிறோம். ஓய்வுபெற்ற டிராயிங் மாஸ்டர் ஒருவர், துணி அச்சுப் பட்டறையில் வேலை பார்க்கும் பெண் ஒருவர், கல்லூரிப் பிள்ளைகள் சிலர். இங்கே எங்களுக்கு முதல் எதிரி வெயில். ஈரத்தாளை மின்விசிறிக்குக் கீழே வைத்தால் நாலாவது நிறத்துக்குள் விளிம்பு காய்ந்து நெளியும். விசிறியை நிறுத்தினால் வியர்வை தாளில் சொட்டும். ஈரத்தாளைப் பிளாஸ்டிக் உறையில் சுற்றி ஃபிரிட்ஜில் வைத்தால்தான் பூஞ்சை பிடிக்காது. அரிசிப்பசை மறுநாளே புளித்துவிடும். இரண்டு சொட்டுக் கிராம்புத் தைலம் விட்டால் கொஞ்சம் தாங்கும். ஹோஷோ வாங்கக் கட்டுப்படியாகாது. நேபாளத்து லோக்தா தாள் மெலிதாக இருந்தாலும் நன்றாகத் தாங்குகிறது. புதுச்சேரி ஆசிரமத்துப் பருத்தித் தாளும் ஓரளவு சரி, கொஞ்சம் கூடுதலாக ஈரம் காட்ட வேண்டும். பலகைக்கு பிளைவுட்தான். கல்லூரிப் பிள்ளைகள் பால்பேரிங் வைத்த பாரென் ஒன்றைச் சேர்ந்து வாங்கி முறைபோட்டுப் பயன்படுத்துகிறார்கள்.

எகோயோமி கதையைச் சொன்ன நாளில்தான் அந்த யோசனை வந்தது. நம் தமிழ் மாதங்களும் 29 நாளிலிருந்து 32 நாள் வரை ஏறி இறங்குகின்றனவே! ஆனியும் மார்கழியும் ஒன்றா? எடோக்காரர்களுக்கு இரண்டே வகை மாதம். நமக்கு நாலு வகை. ஒளித்துவைக்க இன்னும் நல்ல வாய்ப்பு. அடுத்த தமிழ் ஆண்டுக்கு ஆளுக்கொரு படநாள்காட்டி செய்து பரிமாறிக்கொள்வது என்று அங்கேயே முடிவானது. உடனே சண்டையும் வந்தது.

"எந்தப் பஞ்சாங்கம் மாஸ்டர்? வாக்கியமா, திருக்கணிதமா?" என்று கேட்டார் துணி அச்சுக்காரப் பெண்.

"பாம்புப் பஞ்சாங்கத்தை விட்டுட்டு வேற எதைம்மா பாக்கிறது?"

"எங்க வீட்ல திருக்கணிதம்தான் மாஸ்டர். சில மாசம் ஒருநாள் முன்னப்பின்ன வந்தா என்ன பண்றது?"

மாஸ்டர் யோசித்தார். "அப்ப நீ உன்னோடதைப் போடு, நான் என்னோடதைப் போடறேன். எதுன்னு அதையும் படத்துக்குள்ளயே ஒளிச்சு வெச்சிடு."

இப்படித்தான் அது விதியானது. மாஸ்டர் வீட்டு முற்றத்துக் கோலத்தில் புள்ளிகளாக எண்களை வைக்கப்போகிறாராம். அந்தப் பெண் இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. நான் கொடியில் துணி காயப்போடப் போவதில்லை, ஹருனோபுவுக்குப் பிறகு அதைத் தொட எனக்குத் தைரியம் இல்லை. பேருந்து நிறுத்தத்துக் கூட்டத்தை வரைந்துகொண்டிருக்கிறேன்.

மற்ற ஏற்பாடுகள் இவை. முதலில் பங்குனிக் கடைசியில் கூடலாம் என்றார்கள். அந்த வெயிலில் தாள் நிற்காது என்று மாசிக்கு மாற்றியிருக்கிறோம். புதுப் பஞ்சாங்கம் அதற்குள் கையில் இருந்தால் போதும். தாம்பரம் பக்கம் ஒரு நண்பர் வீட்டு மாடி, காலையிலிருந்து சாயங்காலம் வரை. தாளின் அளவு 19-க்கு 26 சென்டிமீட்டர், ஹருனோபு நிறைய வேலை செய்த அளவு அதுதான். நிறம் எத்தனை வேண்டுமானாலும் இருக்கட்டும், ஒரே நிறமென்றாலும் சரி. வருகிறவர்கள் எண்ணிக்கையோடு ஒன்று கூட்டிப் பிரதி எடுத்து வாருங்கள். அந்தக் கூடுதல் கட்டு, ஆர்வமுள்ள ஏதாவது பள்ளிக்கூடத்தில் மாட்டுவதற்கு. எண்களை எங்கே ஒளித்தீர்கள் என்று முன்னாலேயே சொல்லிவிடக் கூடாது. கூட்டத்தில் தேடிக் கண்டுபிடிக்க விட வேண்டும். யாராவது செதுக்கிக் கொடுத்தோ அச்செடுத்துக் கொடுத்தோ உதவியிருந்தால் அவர் பெயரும் உங்கள் பெயரும் ஒரே அளவு எழுத்தில் ஓரத்தில் இருக்க வேண்டும். இதில் மட்டும் நான் பிடிவாதமாக இருப்பேன்.

மதியத்துக்குப் பிறகு மூங்கில் பாளை கட்டிப் பார்ப்போம். பாளை வாங்கி வைத்திருக்கிறேன், பழைய பாரென் இருப்பவர்கள் கொண்டுவாருங்கள். செதுக்கத் தெரியாது, பார்க்கத்தான் ஆசை என்பவர்களும் வரலாம். ஈரத்தாளைத் தூக்கிக் கொடுக்க ஆள் எப்போதும் தேவை. பலகை வேண்டுபவர்கள் தை பிறப்பதற்குள் சொல்லிவிடுங்கள். மரக்கடையில் பெரிய ஷீட்டாக வாங்கி அங்கேயே அறுத்துக்கொண்டால் எல்லாருக்கும் மலிவாக முடியும்.